மாவு போன்ற வெள்ளை மண்

ஒரு செய்தியை அவரிடம் சொன்னால் முதலில் அவர் கேட்பது, "பாத்தீகளா, கேட்டீகளா?" என்றுதான்.

பார்த்தது என்றால் குறிப்பேட்டில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டு உள்ளே நிரப்புவார். கேட்டது என்றால் வெறும் வட்டம். இரண்டும் இல்லாமல் "இருக்கும் மேடம்" என்று இழுத்தால், பென்சிலைக் காதிடுக்கில் செருகிக்கொண்டு நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அதில் கோபம் இருக்காது. பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் சாலையைப் பார்ப்பதுபோல இருக்கும். நாமாக "தெரியல" என்று சொல்லும்வரை அப்படியே இருப்பார்.

அவர் எங்கள் வீட்டுக்கு முதலில் வந்தது சித்திரை மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, காலை பத்தே கால் மணிக்கு. என் டைரியில் இருக்கிறது. பெயரும் இருக்கிறது. அதை இங்கே எழுதப் போவதில்லை. இன்னமும் எங்கோ ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறவர். சாத்தூர்ப் பக்கத்துக்காரர், வயது நாற்பதைத் தாண்டியவர், வெயிலில் தொப்பி போடாதவர் என்பது போதும்.

மாவட்டத்தின் நிலத்தடி நீரைப் பற்றி ஓர் ஆய்வு நடந்துகொண்டிருந்தது. பூமிக்குள்ளே எந்த இடத்தில் எத்தனை அடிக்கு எந்த மண், அதன்கீழ் எந்தப் பாறை என்பதைக் கணினியில் நீளம், அகலம், ஆழம் மூன்றும் தெரியும்படி ஒரு மாதிரியாகக் கட்டுவது அவர் வேலை. அதற்குக் கிணறு வெட்டியபோதும் ஆழ்துளை போட்டபோதும் என்னென்ன மண் வந்தது என்ற விவரம் வேண்டும். அரசாங்கக் கோப்புகளில் இருந்தது போதவில்லை. விஸ்வநத்தத்துக்குத் தெற்கே ஒரு சிற்றூரில் ஒருவன், ஆழ்துளை போடும் போர் வண்டி நிற்கும் இடமெல்லாம் சைக்கிளில் போய் எழுதி வைத்திருக்கிறான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

அந்த ஒருவன் நான்தான். சிவகாசி அச்சகம் ஒன்றில் தினசரிக் காலண்டருக்குப் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். தேதியோ கிழமையோ தப்பினால் ஊர் உலகத்துச் சுவரிலெல்லாம் தப்பாகத் தொங்கும். அந்தப் பயம் பழக்கமாகி, ஊரில் நடப்பதையும் தேதி போட்டு எழுதி வந்தேன். கிணறுகளுக்கு மட்டும் தனியாகப் பதினோரு நோட்டுகள்.

இரண்டு நாள் உட்கார்ந்து பதினோரு நோட்டுகளையும் பார்த்தார். ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்து, பாத்தீகளா, கேட்டீகளா என்றார். இரண்டாம் நாள் சாயங்காலம் என் எழுத்தில் பாதிக்கு மேல் வெறும் வட்டமாகிவிட்டது. எனக்கு எரிச்சலாக இருந்தது.

"கேட்டதெல்லாம் பொய்யா மேடம்? எனக்குச் சொன்னவுக யாரும் பொய் சொல்றவுக இல்ல."

"பொய்ன்னு நான் சொல்லலியே அண்ணாச்சி. வெறும் வட்டம் போட்டிருக்கேன், அம்புட்டுதான்."

போகும்போது என் வீட்டுக் கிணற்றுப் படியில் இறங்கி, பக்கவாட்டில் தெரிந்த வெள்ளை மண்ணில் ஒரு துளி கிள்ளிக்கொண்டு மேலே வந்து, வாயில் போட்டு முன்பற்களால் அரைத்தார். துப்பிவிட்டு, "குறுமணலு கலந்த களிமண்ணு" என்று எழுதினார். மணலாக இருந்தால் பல்லில் நறநறக்கும், வண்டலாக இருந்தால் லேசாக உரசும், சுத்தக் களிமண் என்றால் வெண்ணெய் மாதிரி வழுக்கும் என்று பிறகு சொன்னார். எங்கள் தெருப் பெண்கள் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்று மாலைக்குள் ஊரில் அவருக்கு 'மண்ணுதின்னி' என்று பெயர் வந்துவிட்டது. பெயர் வைத்தவள் பேச்சியம்மாள் என்று எனக்குத் தெரியும். நான் கேட்டுக்கொண்டிருக்கும்போதுதான் வைத்தாள்.

பேச்சியம்மாள் எனக்கு நாலு வீடு தள்ளி இருப்பவள். ஊருக்கு வடக்கே இருக்கும் பட்டாசு ஆலையில் வேலை. எங்கள் ஊரில் தண்ணீர் பற்றி யார் பேசினாலும் அவள்தான் முன்னால் நிற்பாள். ஊருக்கு இருந்தது இரண்டு வழி. ஆலைக்கும் ஊருக்கும் நடுவே சாலையோரத்தில் ஓர் அடிகுழாய். அதில் குடம் நிரம்பக் கை கழன்றுவிடும், கோடையில் அதுவும் காற்று வாங்கும். இன்னொன்று, வந்தால் வரும் தண்ணீர் லாரி. இந்த ஆய்வை வைத்து எங்கள் ஊருக்கு ஒரு புதுக் குடிநீர் போர் போட இடம் காட்டுவார்கள் என்று பஞ்சாயத்துத் தலைவர் சொல்லியிருந்தார். அதனால் மண்ணுதின்னி எந்தத் தெருவுக்குப் போனாலும் பின்னால் பத்துப் பேர் போனார்கள்.

பொதுவாக இப்படிப்பட்ட வரைபடங்களில் மூலை முடுக்கு விடாமல் வண்ணம் தீட்டியிருக்கும். இவருடையதில் விவரம் கிடைக்காத இடமெல்லாம் ஒன்றுமே இல்லாமல் வெறுமையாக இருக்கும். கூட வேலை பார்த்த ஒருவர் ஒருநாள் ஜீப்பிலேயே கேலி செய்தார். "மேடத்தோட மேப்ப எலி கடிச்சிருக்கு."

"எலியாவது போயி பாத்துட்டுக் கடிச்சிருக்கும்" என்றார் இவர்.

வைகாசிக் கடைசியில் ஒரு வேலையாக விருதுநகர் போயிருந்தபோது எண்ணெய்ப் பரோட்டாக் கடையில் அவரைப் பார்த்தேன். எதிரே உட்காரச் சொன்னார். சர்வர் வந்து "சால்னா எப்படி இருக்கு மேடம்?" என்று கேட்டதற்கு, "இன்னும் பாதி இருக்கே, முடிச்சுட்டுச் சொல்றேன்" என்றார். அவன் புரியாமல் போனான். அன்றுதான் அவர் வெளிநாட்டில் படித்ததையும் மூன்று வருடம் வேலை பார்த்ததையும் சொன்னார்.

அந்த நாட்டில் பல ஆயிரம் வருடங்களுக்கு முன் மலை உயரத்துக்குப் பனிக்கட்டி வந்து நின்று, பாறையை அரைத்து, பிறகு உருகிப் பின்வாங்கிப் போயிருக்கிறது. அரைத்த மாவு களிமண்ணாகப் படிந்தது, உருகிய தண்ணீர் கொண்டுவந்தது மணலாகப் படிந்தது, ஒன்றின்மேல் ஒன்றாக. மணலில் தண்ணீர் ஓடும், களிமண் மேலேயிருந்து அழுக்கு இறங்காமல் அதை மூடிக் காக்கும். அந்த அடுக்குகளை ஊர் ஊராகக் கணினியில் கட்டி, எங்கே நல்ல தண்ணீர், அதற்கு மேலே மூடி இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அவர் கற்றுக்கொண்ட வேலை. நான் அச்சகத்துக்காரன், ஒரே தாளில் மஞ்சள், சிவப்பு, நீலம், கறுப்பு என்று நாலு தகடு ஒன்றன்மேல் ஒன்றாக விழுவதைப் பார்த்தவன். எனக்குச் சட்டென்று புரிந்தது.

"நம்ம பக்கமும் அப்படித்தானா?"

"இங்கன பனியே வரலியே அண்ணாச்சி. பாறை நின்ன எடத்துலயே மக்கி மண்ணாகியிருக்கு. அதனால களிமண்ணுக்குள்ளயே பொடிக்கல்லும் கெடக்கும்." பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே சொன்னார். "ஆனா அங்கயும் சரி, இங்கயும் சரி, ரெண்டு ஓட்டைக்கு நடுவுல என்ன இருக்குன்னு யாருக்கும் தெரியாது. நாமளா ஒரு கோடு போட்டுச் சேக்கிறோம்."

பிறகு அவராகவே சொன்னார். "அங்க ஒரு ஊர்ல ரெண்டு ஓட்டையிலயும் களிமண்ணு. நடுவுலயும் அதுதான்னு கோடு போட்டேன்."

"சரி?"

"பனி உருகுன தண்ணி எந்தக் காலத்துலயோ நடுவுல அறுத்துக்கிட்டுப் போயிருந்துச்சு. அந்த எடம் முச்சூடும் மணலு."

"பெறகு என்னாச்சு?"

இலையை மூடிவிட்டு எழுந்து கை கழுவப் போனார். திரும்பி வந்து பையை எடுத்துக்கொண்டு, "வாறேன் அண்ணாச்சி" என்றார். 

ஆடி மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்தில் ஊரைக் கூட்டிக் கணினியில் மாதிரியைக் காட்டினார். எங்கள் ஊரும் ஆலையும் ஓடையும் மேலே கோடுகளாக இருக்க, அடியில் பூமி வெட்டி எடுத்த கட்டியைப்போல வண்ண வண்ணமாகச் சுழன்றது.

"இதுவா நம்ம ஊரு?" என்றாள் பேச்சியம்மாள். "தீவாளி கிஃப்ட் பாக்ஸு அட்டையாட்டம்லா இருக்கு."

சிரிப்பு அடங்கியதும் அவர் விளக்கினார். கறுப்பு கரிசல். மஞ்சள், சுண்ணாம்புக் கல் கலந்த சுக்கான் மண். அதன்கீழ் போர்வைபோல வெள்ளைக் களிமண். அதற்கும் கீழே வெடிப்புவிட்ட பாறை. தண்ணீர் அதில் இருக்கிறது. தெற்கே ஓடைக்கரையில் பஞ்சாயத்துக்குச் சொந்தமான நிலத்தில் வெடிப்பு அதிகம். அங்கே போட்டால் ஊருக்குப் போதிய தண்ணீர் கிடைக்க வாய்ப்பு உண்டு.

தலைவர் எழுந்து கேட்டார். "ஆலைக்குப் பின்னாடி மருந்து கழுவுன தண்ணிய விடுற குழி இருக்குல்லா மேடம். தண்ணி ஓட்டம் வடக்க இருந்து தெக்க பாத்துத்தானே. அது எறங்கி வந்துறாதா?"

பட்டாசு வேலையில் மருந்து என்றால் ரசாயனக் கலவை. பச்சை வெளிச்சம் வருவதற்குச் சேர்க்கும் பச்சை உப்பு அதில் உண்டு. அது விஷம் என்பது ஆலையில் வேலை பார்க்கும் எல்லோருக்கும் தெரியும்.

"வெள்ளை மண்ணு அதைத் தடுத்து நிறுத்திரும். குழிக்குத் தெக்க இருந்து ஓடை வரைக்கும் அது இருக்கு," என்றவர், கொஞ்சம் நிறுத்தி, "நம்ம கையில இருக்கிற விவரம் சரின்னா" என்றார்.

கடைசி ஐந்து சொற்களை ஊரில் யாரும் காதில் வாங்கவில்லை. கைதட்டிக்கொண்டிருந்தார்கள். ஆவணி முதல் வெள்ளிக்கிழமை போர் வண்டி வருவதாக முடிவாயிற்று.

அந்த வெள்ளிக்கு முந்திய திங்கட்கிழமை காலையில் அவர் தனியாக என் வீட்டுக்கு வந்தார். கையில், வாங்கிப் போயிருந்த என் ஏழாவது நோட்டு.

குழிக்குத் தெற்கே வெள்ளை மண் தொடர்ந்து போகிறது என்பதற்கு மூன்று ஆதாரங்கள் இருந்தன. ஊருக்குள்ளே என் வீட்டுக் கிணறு. ஓடைக்கரையில் அவரே கூட நின்று போட்டுப் பார்த்த ஒரு சின்னத் துளை. இவை இரண்டும் தெற்கே. வடக்கே குழியை ஒட்டி இருந்தது ஒன்றே ஒன்று: ஆலை வளாகத்தில் சில வருடங்களுக்கு முன் போட்ட போர். அதற்கு ஆதாரம் என் நோட்டு மட்டும்தான். 'அறுபது அடி முதல் வெள்ளைக் களிமண், மாவு போல.' அவர் குறிப்பேட்டில் அதற்கு நிரப்பிய வட்டம். பார்த்தது.

"மாவு போலன்னு எழுதியிருக்கீக."

"ஆமா மேடம். மாவு மாதிரிதான் இருந்துச்சு. கண்ணால பாத்தேன்."

"உங்க கெணத்துல குறுமணலு இருக்கு. ஓடையிலயும் இருக்கு. மாவு மாதிரி எங்கயுமே இல்ல."

"எடத்துக்கு எடம் மாறும்னு நீங்கதான சொன்னீக?"

"மாறும்." பென்சில் காதுக்குப் போயிற்று. "எங்கன நின்னு பாத்தீக அண்ணாச்சி?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பிழை திருத்துவதிலேயே காலம் கழித்தவனிடம் ஒரே வரியை மூன்று முறை கேட்டால் எப்படி இருக்கும். "மேடம், வெள்ளிக்கிழம வண்டி வருது. இப்ப வந்து இதக் கேக்கிறீக" என்றேன். அவர் நோட்டை என் மேசையில் வைக்காமல் தன்னோடு எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் பஞ்சாயத்து அலுவலகத்தில் அவர் சொன்னது எனக்குத் தெருவிலேயே கேட்டது. ஓடைக்கரையில் போர் போடுவதை நிறுத்தி வையுங்கள், எனக்குச் சந்தேகம் இருக்கிறது.

"நிப்பாட்டுனா அவன் வண்டிய வேற ஊருக்குத் திருப்பிருவான் மேடம்" என்றார் தலைவர். "பெறகு எப்ப வருவான்னு எவனுக்குத் தெரியும்? சனங்க அதுவரைக்கும் எதக் குடிக்கும்?"

"அது எனக்குத் தெரியல."

"சந்தேகம்னா என்ன சந்தேகம்? களிமண்ணு இல்லங்கிறீகளா?"

"இல்லன்னு சொல்ல மாட்டேன். நான் பாக்கல."

வாசலில் நின்ற பேச்சியம்மாள் உள்ளே குரல் கொடுத்தாள். "நீங்க மண்ணத் தின்னு பாத்துச் சொல்லுங்க மேடம். நாங்க தண்ணியக் குடிச்சுப் பாத்துச் சொல்லுதோம். அவுகவுக வேலைய அவுகவுக பாப்போம்."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால் நிறுத்தச் சொன்னதை மாற்றவில்லை. அந்த நேரத்தில் நானும் ஊர்ப் பக்கம்தான் இருந்தேன் என்பதை எழுத வேண்டும்.

புதன்கிழமை என்னை ஆலைக்கு அழைத்துப் போனார். வாசலிலேயே கைபேசி, கணினி எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். செருப்பைக் கழற்றி, உடம்பில் இருக்கும் மின்சாரம் இறங்கச் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டு உள்ளே போனோம். தீபாவளிக்கு ஆர்டர் நெருக்கும் நேரம். ஃபோர்மேன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். "சீசன் நேரம் மேடம். பத்து நிமிசத்துல முடிச்சிருங்க. போர்த் தண்ணியக் கைகால் கழுவத்தான் வச்சிருக்கோம், யாரும் குடிக்கிறதில்ல."

போரைச் சுற்றிச் சாம்பல் நிறப் பாறைத்தூள் பரப்பியிருந்தது. எங்கள் பக்கத்தில் போர் போட்டால் வரும் தூளை யாரும் வீணாக்க மாட்டார்கள். மழை பெய்தால் காலோடு வரும் கரிசல்மேல் பரப்பிவிடுவார்கள். இரும்பு கொண்டுபோகக்கூடாது என்பதால் ஒரு மூங்கில் குச்சியால் அவர் அதைக் கீறினார். சாம்பல், அதன்கீழ் கொஞ்சம் மஞ்சள், பிறகு கரிசல். வெள்ளை இல்லை.

"வெள்ளைய எங்கன பாத்தீக?"

சுவரோரத்தைக் காட்டினேன். "இந்தா, இங்கன குவிஞ்சு கெடந்துச்சு."

சுவரின் அடியில் இன்னமும் வெள்ளையாக ஒரு பொருக்கு ஒட்டியிருந்தது. அதைக் குச்சியால் நிமிண்டி எடுத்து முன்பற்களில் வைத்தார். ஃபோர்மேன் முகத்தைச் சுளித்தார். அரைத்தார், நிறுத்தினார், மறுபடி அரைத்தார். 

"வெண்ணெய்" என்றார். "ஒரு பொடிமணலு கெடையாது."

அந்தச் சமயம் பேச்சியம்மாள் பக்கத்துக் கொட்டகையிலிருந்து வெளியே வந்தாள். முழங்கை வரை வெள்ளையாக இருந்தது. கை கழுவ வந்தவள் எங்களைப் பார்த்து நின்றாள்.

"அதைப் போயி ஏன் மேடம் வாயில வைக்கிறீக? அது எங்க மண்ணுல்லா."

"உங்க மண்ணா?"

"புசுவாணக் குழாயில அடியில வச்சு அடைக்கிற மண்ணு. லோடு வந்து எறங்குனா சல்லடையில சலிச்சு அந்தச் செவரோரந்தான் குமிப்போம். எத்தன வருசமா அங்கனதான் குமிக்கிறோம்." எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தாள். "ஏன், அதுக்கு என்ன?"

அந்தப் போர் போட்ட அன்றைக்கு நான் போனது சாயங்காலம். போர் வண்டிக்காரர்கள் கம்பிகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருவனிடம் கேட்டேன், அறுபது அடிக்குக் கீழே மண் மாறிற்று என்றான். திரும்பினேன், சுவரோரத்தில் வெள்ளைக் குவியல் கிடந்தது. அவன் சொன்னதையும் நான் பார்த்ததையும் சேர்த்து ஒரே வரியாக எழுதிவிட்டேன்.

"அண்ணாச்சி" என்றார் அவர். குரலை உயர்த்தவில்லை. "ஓட்டையில இருந்து வரும்போது பாத்தீகளா, தரையில கெடக்கும்போது பாத்தீகளா?"

"தரையில."

குறிப்பேட்டைத் திறந்து அந்த வட்டத்தை ரப்பரால் அழித்தார். வெறும் வட்டம்கூட மிஞ்சவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

வாசலுக்கு வந்து கணினியை வாங்கி, ஜீப்பின் முன்புறத்தில் வைத்துத் திறந்தார். ஆலையின் போரை நீக்கினார். வெள்ளைப் போர்வை வடக்கே சுருங்கிக்கொண்டு வந்து, சாலைக்குத் தெற்கே நின்றுவிட்டது. குழிக்கும் ஓடைக்கும் நடுவே பாதி தூரம் ஒன்றுமே இல்லாத இடம்.

"அங்கன களிமண்ணு இல்லன்னு அர்த்தமா?" என்றேன்.

"இருக்குன்னு சொல்ல ஆளில்லன்னு அர்த்தம்."

வெள்ளிக்கிழமை வண்டி வந்தது. மேலதிகாரிகளிடம் பேசி, ஓடைக்கரைக்குப் பதிலாக அடிகுழாய்க்கும் குழிக்கும் நடுவே சோதனைக்காக ஒரு துளை போட அனுமதி வாங்கியிருந்தார். ஓடைக்கரையில் தேங்காய், பழம், மாலையோடு காத்திருந்த சனங்கள் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு சாலைக்கு வந்தார்கள். இங்கே பூசை போடலாமா வேண்டாமா என்று யாருக்கும் தெரியவில்லை. மாலை வாடும்வரை ஒருவர் கையிலேயே இருந்தது.

இருபது அடிக்கு ஒரு கம்பி. ஒவ்வொரு கம்பி இறங்கும்போதும் வெளியே வரும் மண்ணை அவரே துளையின் வாயில் தட்டு வைத்து ஏந்தி, வரிசையாகக் குவித்து, மேலே துண்டுத்தாள் வைத்து அதன்மேல் ஒரு கல் வைத்தார். "நீங்க எழுதுங்க அண்ணாச்சி" என்றார். நான் அவர் பக்கத்திலேயே நின்று எழுதினேன்.  வண்டிச் சத்தத்துக்கு நடுவே எல்லோரும் அடுத்த குவியலின் நிறத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளை வர வேண்டும் என்று அந்தச் சாலையில் நின்ற அத்தனை பேரும் வேண்டிக்கொண்டோம்.

கரிசல் வந்தது. மஞ்சள் வந்தது. பிறகு பழுப்பாக உதிரிக் கல். அடுத்ததும் உதிரிக் கல். அதன்பிறகு சாம்பல் நிறம், கருங்கல் தூள். நூறு அடியில் நிறுத்தச் சொன்னார்.

"வெள்ளை இல்ல" என்றார். "குழியில விடுற தண்ணி நேரா பாறைக்கு எறங்கி ஓடைப் பக்கம் போயிரலாம். ஓடைக்கரையில போட வேண்டாம்."

 எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். வந்த வண்டியை வீணாக்கிவிட்டார் என்று ஒருவர். ஆலைக்காரனை விட்டுவிட்டு ஊரை ஏன் தண்டிக்கிறீர்கள் என்று ஒருவர். தலைவர் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். குழியைப் பற்றியும் எழுதியனுப்புகிறேன், வேறு இடம் பார்த்துத் தருகிறேன், அங்கேயும் முதலில் ஒரு துளை போட்டுப் பார்க்க வேண்டும் என்று மேடம் சொன்னதை யாரும் கேட்கவில்லை.

பேச்சியம்மாள் மட்டும் சண்டைக்கு வரவில்லை. அவள் குவியல்களைப் பார்த்தாள், வடக்கே ஆலைச் சுவரைப் பார்த்தாள், பிறகு தெற்கே திரும்பினாள். அவள் எதைப் பார்க்கிறாள் என்று கொஞ்சம் கொஞ்சமாக மற்றவர்களுக்கும் புரிந்து, பேச்சு குறைந்தது. கூப்பிடு தூரத்தில் அடிகுழாய்.

"அப்ப நாங்க குடிக்கிறது?" என்றாள்.

அவர் அடிகுழாய்ப் பக்கம் திரும்பினார்.

"எம் பிள்ளைகள அதுலதான் வளத்தேன். இப்ப மருமவ உண்டாயிருக்கா. அவளும் அதத்தான் குடிக்கா. அது நல்ல தண்ணியா, கெட்ட தண்ணியா?"

"தெரியலம்மா. பாட்டில்ல பிடிச்சு அனுப்பணும். பாத்துட்டுத்தான் சொல்ல முடியும்."

"ஒரு வார்த்த சொல்லுங்களேன். இருக்காதுன்னு சொல்லுங்க. நாளைக்கே வேற மாதிரி வந்தா நாங்க ஒன்னும் கேக்க மாட்டோம்."

"பாக்காம சொல்ல மாட்டேன்."

தலைவர் வரப்பிலிருந்து எழுந்து, "மேடம், சும்மா ஒரு தைரியத்துக்காவது" என்றார். மேடம் முடியாது என்று தலையை ஆட்டினார். அந்த நிமிடத்தில் எனக்கே அவரைப் பிடிக்கவில்லை. ஒரு பொய்யில் என்ன குறைந்துவிடும் என்று தோன்றியது.

பேச்சியம்மாள் விறுவிறுவென்று நடந்து போனாள். யாரோ குழாயடியில் வைத்திருந்த சொம்பை எடுத்து, நாலைந்து முறை அடித்து, நிரப்பிக்கொண்டு வந்தாள். காலையிலிருந்து வெயிலில் நின்ற மனுசிக்குக் கொடுப்பதுபோல இரண்டு கையாலும் நீட்டினாள்.

"வாயால சொல்ல வேண்டாம். நாக்கு வறண்டு போயி நிக்கிறீக. ஒரு வாய் குடிங்க. எங்களுக்கு அது போதும்."

எங்கள் ஊரில் கொடுத்த தண்ணீரை வாங்காமல் போனால் அந்த வீட்டோடு உறவே வேண்டாம் என்று பொருள். சாத்தூர்க்காரருக்கு அது தெரியாமல் இருக்காது. சொம்பைக் கையில் வாங்கினார். உதடு காய்ந்து வெடித்திருந்தது. அரைத்த மண் ஓரத்தில் ஒட்டியிருந்தது. சொம்புக்குள் பார்த்துக்கொண்டு நின்றார். எவ்வளவு நேரம் என்று என் டைரியில் இல்லை.

பிறகு ஜீப்பிலிருந்து இரண்டு பாட்டில்களை எடுத்துவரச் சொன்னார். சொம்பைக் கீழே வைத்துவிட்டுக் குழாயடிக்குப் போய், தானே அடித்து, இரண்டையும் நிரப்பி மூடி, தேதியும் நேரமும் எழுதி ஒட்டினார். திரும்பி வந்து சொம்பை எடுத்துப் பேச்சியம்மாள் கையில் கொடுத்தார். கொண்டுவந்த தண்ணீர் அப்படியே இருந்தது.

பேச்சியம்மாள் அதைச் சாலையோரத்தில் ஊற்றினாள். மெதுவாக, கடைசிச் சொட்டு வரைக்கும்.

பாட்டில் தண்ணீரின் ஆய்வறிக்கை வந்தது கார்த்திகை முதல் வாரத்தில், வியாழக்கிழமை. அதற்குள் அவரை வேறு மாவட்டத்துக்கு மாற்றியிருந்தார்கள். அடிகுழாய்த் தண்ணீரில் பச்சை உப்பு குடிக்கத்தகாத அளவுக்கு இருக்கிறது என்று அதில் இருந்தது. தலைவர் அதைப் பலகையில் ஒட்டினார். நின்று படித்தவர்கள் குறைவு. ஆவணியிலிருந்தே அந்தக் குழாயில் ஒருவரும் குடம் வைப்பதில்லை. பெண்கள் விஸ்வநத்தம் வரைக்கும் நடந்துகொண்டிருந்தார்கள்.

அன்று சாயங்காலம் பேச்சியம்மாள் தலையில் ஒன்றும் இடுப்பில் ஒன்றுமாகக் குடத்தோடு வந்துகொண்டிருந்தாள். அறிக்கை வந்த விவரத்தைச் சொன்னேன். மூச்சு வாங்க நின்றாள்.

"அது வந்தா என்ன, வராட்டா என்ன அண்ணாச்சி" என்றாள். "அன்னைக்கு அந்தப் பொம்பள நம்ம மனசு நோகக் கூடாதுன்னு ஒரு வாய் குடிச்சிருந்தா, நான் இன்னைக்குக் காலையிலயும் அந்தத் தண்ணியத்தான் எம் மருமவளுக்குக் கொடுத்திருப்பேன்."

இடுப்புக் குடத்தைச் சரிசெய்துகொண்டு போனாள்.